மேனகாவுக்காகப் பேச வந்தவர்

"தையோட காட்ட வுட்டுரு மேனகா. இனிமே நாங்களே பாத்துக்கறோம்."

மாதையன் இதைச் சொன்னபோது மேனகா வாசலில் உட்கார்ந்து தக்காளியைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். செத்துப்போன கணவன் முருகேஷுக்கு மாதையன் கூடப்பிறந்த அண்ணன். கையில் இருந்த பழத்தை எந்தப் பெட்டியில் போடுவது என்று அவளுக்கு மறந்துவிட்டது.

"எந்தக் காட்டங்க மாமா?"

"மேட்டுக் கல்லாங்காட்டத்தான். பையனுக்குக் கல்யாணம் பேசியிருக்கு. அவனும் ஒரு பொழப்பப் பாக்கணுமில்ல. உனக்கு இருக்கறது ஒத்தப் பொண்ணு, நாளைக்கு இன்னொரு வூட்டுக்குப் போறவ. உன் சோத்துக்கு வருசம் நாலு மூட்ட நெல்லு நான் தரேன்."

ஏழு வருடத்துக்கு முன், தொப்பூர் கணவாயில் லாரி மோதி முருகேஷ் செத்த பதினாறாம் நாள், ஊர்ப் பெரியவர்கள் வாய்ப்பேச்சாகவே பாகம் பிரித்துவிட்டார்கள். கிணற்றடி நிலம் அண்ணனுக்கு. மேட்டில் ஒரு ஏக்கர் கல்லாங்காடு தம்பி பெண்டாட்டிக்கு. கிணற்றுத் தண்ணீர் வாரத்தில் ஒரு நாள். பட்டா மூத்தவன் பேரில் இருந்தது, அது அப்படியே இருக்கட்டும் என்றார்கள். ஆடு மேய்க்கவும் ஆகாத நிலம் என்பதால்தான் அத்தனை தாராளம்.

அதில் அவள் கொள்ளு விதைத்தாள். இரண்டு மூட்டை வந்தால் நல்ல வருடம். பிறகு பாப்பாரப்பட்டியில் வேளாண்மைத் துறை நடத்திய பயிற்சிக்கு ஒருநாள் போனாள். வாரத்தில் ஒரு நாள் கிடைக்கும் தண்ணீரைத் தொட்டியில் தேக்கி, சொட்டுநீர்க் குழாயில் ஏழு நாளும் விடலாம் என்று அங்கே சொன்னார்கள். பொறுக்கிய கல்லிலேயே வரப்பு கட்டி, பாத்திமேல் பிளாஸ்டிக் ஷீட் விரித்து, குழித்தட்டு நாற்று வாங்கித் தக்காளி நட்டாள். "மண்ணுக்குப் பாவாட கட்டிவுட்டுட்டா" என்று மாதையன் டீக்கடையில் சொல்லிச் சிரித்தான். மூன்றாம் வருடம் அதே காட்டு வருமானத்தில் மகள் சுமித்ரா தருமபுரியில் நர்சிங் சேர்ந்தபோது சிரிப்பு நின்றது. கல்லாக இருந்தவரை அது மேனகாவின் காடு. காய்த்த பிறகு குடும்பச் சொத்தாகிவிட்டது.

இதற்கு அவளே ஒரு வழியும் செய்து கொடுத்திருந்தாள். அவளும்தான் என்ன செய்வாள்? மானியக் குழாய் பட்டாதாரர் பேருக்குத்தான் வரும் என்றார்கள். மாதையனைக் கெஞ்சிக் கையெழுத்து வாங்கினாள். விவசாயி வயலில் நின்று போட்டோ எடுக்க வேண்டும் என்றதும் அவன் அழுக்கு லுங்கியோடு வந்து நின்றான். மேனகா பெட்டியில் மடித்து வைத்திருந்த முருகேஷின் வெள்ளைச் சட்டையை எடுத்து வந்து கொடுத்தாள். அதிகாரிகள் வந்த ஒவ்வொரு ஆய்வுக்கும் அவன் அந்தச் சட்டையோடு வந்து நின்றான். ஒவ்வொரு முறையும் இவள் நன்றியோடு கும்பிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. அங்கே பெண்கள் உட்காரவும் கூடாது, பேசவும் கூடாது. பெண்ணின் வழக்கு என்றால் பிறந்த வீட்டு ஆண் ஒருவன் வந்து பேச வேண்டும். மேனகா கடத்தூரில் இருக்கும் அண்ணன் காளியப்பனுக்குப் போன் செய்திருந்தாள். அவரும் காலையிலேயே வந்துவிட்டார். கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். "நான் இருக்கேன், நீ எதுக்குக் கவலப்படற" என்று சொல்லி வயிறாரச் சாப்பிட்டார்.

கூட்டத்தில் மாதையன் போனை எடுத்துப் போட்டோக்களைக் காட்டினான். "பாருங்க, வருசா வருசம் நாந்தான் நிக்கறேன். வி.ஏ.ஓ. எழுதற அடங்கல் கணக்குலயும் எம்பேருதான் இருக்குது." போன் கைக்குக் கை மாறியது. எல்லாரும் முருகேஷின் சட்டையைப் பார்த்தார்கள், ஒருவருக்கும் அது யார் சட்டை என்று கேட்கத் தோன்றவில்லை.

நடுவில் உட்கார்ந்திருந்த ஊர்ப் பெரியவர், காளியப்பன் பக்கம் திரும்பினார். "பொறந்த வூட்டுல என்ன சொல்றீங்க?"

காளியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பெரியவங்க பாத்துச் செஞ்சாச் சரிங்க. எந்தங்கச்சிக்குச் சம்மதந்தான்."

"ரொம்பச் சந்தோசங்க சம்பந்தி" என்றான் மாதையன்.

கோயில் சுவரோரம் நின்றிருந்த மேனகாவுக்குச் சம்பந்தி என்ற அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. மாதையன் மகனுக்குப் பேசியிருக்கும் பெண், அவள் அண்ணன் காளியப்பனின் மகள்தான். பெண்ணுக்குச் சீராகத் தங்கையின் காட்டைக் கொடுத்துவிட்டார். ஊரில் யாரும் ஆச்சரியப்படவில்லை, எல்லாருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது. மாதையனாவது வாசலில் நின்று நேராகக் கேட்டான். இவர் அவள் கையால் சாப்பிட்டுவிட்டு வந்து விற்றார்.

செருப்பைக் கழற்றிவிட்டு நேராக நடுவில் போய் நின்றாள்.

"பொம்பளைங்க இங்க வரக்கூடாது, தெரியாதா?" என்றார் பெரியவர்.

"எனக்குப் பேச ஆளக் கூட்டியாரச் சொன்னீங்க, கூட்டியாந்தேன். அவரு சம்பந்தி வூட்டுக்குப் பேசிட்டாரு. இப்ப எனக்கு ஆளில்ல, அதனால நானே சொல்றேன். எனக்குச் சம்மதமில்லீங்க."

"பேசி முடிச்சது முடிச்சதுதான்" என்று பெரியவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் காளியப்பன் வேகமாக நடந்து வந்து சேர்ந்துகொண்டார்.

"கோச்சுக்காத மேனகா. ஆம்பளப் புள்ள இல்லாதவளுக்குக் காடு எதுக்கு? எம்பொண்ணுதானே அந்த வூட்டுக்கு வர்றா. சொத்து நம்மளவுட்டு எங்க போவுது?"

அவள் நடந்துகொண்டே இருந்தாள். அதையே சமாதானமாக எடுத்துக்கொண்டு அவர் மேலே பேசினார்.

"கல்யாணச் சமையலுக்கு அம்பது கிலோ தக்காளி வேணும். வெளிய வாங்க வேணாம், அத்தக்காரி காட்டுலயே இருக்குதுன்னு சொல்லிட்டேன். நல்ல பழமா பறிச்சு வையி. அப்புறம்... தாலி கட்டற நேரத்துல மட்டும் முன்னால வந்து நிக்காத. தப்பா நெனச்சுக்காத, தாலியில்லாதவ நின்னா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க."

மேனகா நின்றாள்.

"பறிச்சு வைக்கறேண்ணா. நாளைக்கு மட்டும் வராதீங்க, தருமபுரி போறேன்."

"அங்க எதுக்கு?"

"எம்புருசன் பாகத்தக் கேட்டுக் கேஸ் போட. சுமித்ரா முன்னாடியே வக்கீலுகிட்ட விசாரிச்சுட்டா. கோர்ட்டுல பேசறதுக்குப் பொறந்த வூட்டு ஆளு வேணாமாம், நான் போனாப் போதுமாம்."

காளியப்பனுக்கு முகம் கறுத்துவிட்டது. "கல்யாண வூட்டுல இப்பிடிக் கலகம் பண்ணலாமா?" என்று முனகினார். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று, "தக்காளி தருவ இல்ல?" என்றும் கேட்டார்.

"எம்மருமவளுக்குன்னு கேட்டிருந்தாச் சும்மாவே குடுத்திருப்பேன். சம்பந்திக்கு மார்க்கெட் வெலதான்."

சொல்லிவிட்டு அவள் காட்டுப் பக்கம் திரும்பி நடந்தாள். இன்று அவளுடைய தண்ணீர் நாள்.