பூத்தது உப்பில்லை

மதார் புதுச் சட்டையும் தொப்பியும் கழுத்தில் மல்லிகை மாலையுமாக, ஜம்மென்று ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து பொத்தானை அமுக்கினான். கார் 'டிக்' என்றது. மறுபடி அமுக்கினான். அந்த 'டிக்'கும் போச்சு.

தன் கல்யாணத்துக்குத் தானே கார் ஓட்டிப்போகும் மாப்பிள்ளையை எங்கேயாவது பார்த்ததுண்டா? வேறென்ன செய்ய? ஐம்பத்தாறாம் வருஷத்து வாலிநோக்கத்தில் இருந்ததே ஒரு கார். அதை ஓட்டத் தெரிந்தவனும் ஒரே ஆள். சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் திருப்பாலைக்குடியில் நிக்காஹ். போகிற வழியெல்லாம் மேடும் பள்ளமும், மூன்று மணி நேரமாவது ஆகும்.

கார் போய்த்தான் ஆகணும். ஏனென்றால் பெண்ணைப் பெற்ற வாவு முகம்மது, நாலு மீன்பிடி வள்ளத்துக்குச் சொந்தக்காரர், லேசுப்பட்ட ஆளில்லை. "மாப்பிள்ளை காரோட்டியாம்ல? கார்ல வந்து எறங்கட்டும், என் கண்ணால பாக்குறேன். மாட்டுவண்டில வந்தா பிரியாணியைத் தின்னுட்டு அப்படியே திரும்ப வேண்டியதுதான்" என்று நாலு பேர் நடுவில் சொல்லிவிட்டார். பெண் ஹமீதா பானு மட்டும், "அவுக வருவாக" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அந்த இரண்டு சொல்லை மதார் ஒரு மாசமாக மனசுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தான்.

இறங்கி பானட்டைத் தூக்கினான். பேட்டரியின் இரண்டு முனையிலும் வெள்ளையும் பச்சையுமாக ஒரு பொடி மொத்தமாகக் கட்டி நின்றது. அதன் மேலே மஞ்சள், குங்குமம்!

அதுதான் வயிற்றெரிச்சல். கார் உப்பள முதலாளி செல்லச்சாமியுடையது. மூன்று மாசத்துக்கு முன் அந்தப் பொடி லேசாகத் தெரிந்தபோதே மதார் சுரண்டப் போனான். செல்லச்சாமி பாய்ந்து வந்து கையைப் பிடித்தார்.

"ஏலே! உப்பு பூத்திருக்கு, பாக்கல? காருக்குள்ளயே பூத்திருக்குன்னா லட்சுமி வந்திருக்கான்னு அர்த்தம். கைய எடுறா!"

"மொதலாளி, இது உப்பில்ல. பேட்டரித் திராவகம் கசிஞ்சு..."

"உப்பைப் பத்தி எனக்கே சொல்லித் தாரியா?"

முப்பது வருஷமாக உப்புப் பாத்தியில் நின்ற மனுஷனிடம் யார் பேசுவது? வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் குங்குமம் வைத்தார். பொடியும் தன் பாட்டுக்கு வளர்ந்தது.

இப்போது அளத்து ஆட்கள் பத்துப் பேர் சேர்ந்து காரைத் தள்ளினார்கள். கைப்பிடியைப் போட்டுச் சுற்றிச் சுற்றித் தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். எஞ்சினுக்குப் பொறி வேண்டும், பொறிக்கு மின்சாரம் வேண்டும், மின்சாரம் அந்தப் பொடியைத் தாண்டி வந்தால்தானே? "மாட்டுவண்டியைப் பூட்டவா?" என்று ஒருத்தன் கேட்டான். மதாருக்கு அழுகையே வந்துவிட்டது. யா அல்லா, இதுக்கா இத்தனை நாள் காத்துக் கிடந்தேன்!

அவனுக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. செல்லச்சாமி அளத்தில் ஒரு வழக்கம் உண்டு. பாத்தியில் முதல் உப்பு பூத்தால் யாரும் தொடக்கூடாது. முதலாளி சம்சாரம் சண்முகவள்ளி வந்து முதல் கை வாரினால்தான் மற்றவர்கள் இறங்கலாம்.

"மொதலாளி, பூத்த உப்பை எத்தனை நாளு பாத்தியிலயே விடுவீக? வாருற நேரம் வந்தாச்சு. அக்காவைக் கூப்பிடுங்க, மொதக் கை அவுக வாரட்டும்."

சண்முகவள்ளி ஏற்கெனவே சேலையைச் செருகிக்கொண்டு நின்றாள். "வெந்நி வைக்கவா மதாரு?" என்றாள்.

"வைங்கக்கா. ஆப்பச் சோடா ரெண்டு கை அள்ளிப் போட்டுக் கொண்டாங்க."

செல்லச்சாமி முகம் செவசெவவென்று ஆனது. ஆட்கள் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அவர் மதாரைப் பார்த்தார். கல்யாண மாலையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிற பயலைப் பார்க்கப் பார்க்க அவருக்கு என்னவோ செய்தது.

"வாருறதுக்கு அது உப்பு இல்லடா" என்றார்.

"என்ன மொதலாளி?"

"அன்னைக்கு ராவே ஒரு துளி நாக்குல வச்சுப் பாத்தேன். நெருப்பு! ரெண்டு நாளு கஞ்சி குடிக்க முடியல. உப்பளக்காரன் உப்பைத் தப்பாச் சொல்லிட்டான்னு ஊரு சிரிக்குமேன்னு வாயை மூடிக்கிட்டேன். சுரண்டு, நல்லாச் சுரண்டு."

முதலில் சிரித்தது சண்முகவள்ளிதான். "அதான் அந்த ரெண்டு நாளும் குழம்பு காரம், காரம்னு என்னையத் திட்டுனீகளா!" அப்புறம் அளமே சிரித்தது.

மதார் இரண்டு கம்பியையும் கழற்றினான். பேட்டரி மூடிகளை இறுக்கிவிட்டு, சோடா கலந்த வெந்நீரைத் துளித்துளியாக ஊற்றினான். பொடி புஸ்ஸென்று நுரைத்துக் கரைந்தது. நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஈய முனைகளையும் கம்பி வளையங்களையும் பளபளவென்று வரும்வரை கத்தியால் சுரண்டினான். கம்பிகளைத் திரும்ப மாட்டி முறுக்கினான். காற்றும் ஈரமும் அண்டாமல் இருக்க, மாட்டுவண்டி அச்சுக்குப் போடும் மசகை எடுத்து மேலே அப்பினான். இந்த அவசரத்தில் திராவகம் பட்டு, புதுச் சட்டையின் முன்பக்கம் சல்லடையாய்ப் போனதை அவன் கவனிக்கவே இல்லை.

பொத்தானை அமுக்கினான். கார் உறுமியது. பத்துப் பேர் போட்ட கூச்சலில் அளத்துக் கொக்கெல்லாம் பறந்தன.

மதாரும் முதலாளியும் திருப்பாலைக்குடிக்குள் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டேதான் நுழைந்தார்கள். வாவு முகம்மது காரைச் சுற்றி வந்தார், எஞ்சின் சத்தத்தைக் கேட்டார், தலையாட்டினார். பிறகு மாப்பிள்ளை சட்டையைப் பார்த்தார்.

"இதென்ன ஓட்டை ஓட்டையா?"

மதார் அப்போதுதான் குனிந்து பார்த்தான். முதலாளியைக் காட்டிக்கொடுக்கவா? அதற்குள் செல்லச்சாமி முன்னால் வந்தார். "அது என்னால ஆனது பாய்" என்று தொடங்கி, லட்சுமி, மஞ்சள், நாக்கு, கஞ்சி என்று ஒன்று விடாமல் முந்நூறு பேர் நடுவில் சொன்னார். வாவு முகம்மது விழுந்து விழுந்து சிரித்தார். "இப்பேர்ப்பட்ட மொதலாளிகிட்ட இருக்கியா நீ! பொண்ணு ஒனக்குத்தான்" என்று தன் பெட்டியிலிருந்த கொழும்புச் சட்டையை எடுத்து வந்து அவரே போட்டுவிட்டார். கதவு இடுக்கில் ஹமீதா பானுவின் வளையல் குலுங்கியது.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தோறும் செல்லச்சாமி காரைத் தேடி வருவார். கையில் குங்குமம் இல்லை, மசகு டப்பா.

"ஏலே மதாரு, பூத்திருக்கா?"

"இல்ல மொதலாளி. ஒரு பொட்டுக்கூட இல்ல."

"ரொம்பச் சந்தோஷம்டா" என்பார் அந்த உப்பளக்காரர்.