பதிவாகாத எச்சரிக்கை

ஸ்ரீரங்கம் உத்திர வீதி வீட்டின் மாடியறையில் உட்கார்ந்து லக்ஷ்மிகாந்த் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிய லைப்ரரியை, முகம் தெரியாத பலர் பயன்படுத்திவந்தார்கள். உலைகளில் பொருத்திய வெப்பமானிகள் காட்டுவதைக் கணினிக்குக் கொண்டுவரும் நிரல் தொகுப்பு அது. நன்றி சொல்லி யாராவது எழுதிவிட்டால் அன்றைக்கெல்லாம் அவன் கால் தரையில் பாவாது.

ஒரு வியாழக்கிழமை காலை ஜோஸ்வின் என்ற பெண் அழைத்தாள். திருவெறும்பூரில் ஒரு சின்னப் பட்டறையின் கணினி வேலைகளைப் பார்ப்பவள்.

"சார், உங்க லைப்ரரியோட புது வெர்ஷன் போட்டதிலேருந்து எங்க லாக் ஃபைல்ல ஒரு வரிகூட விழல. பழசைப் போட்டா சரியா இருக்கு."

நிரல் தான் செய்வதையெல்லாம் நேரத்தோடு எழுதிவைக்கும் குறிப்புதான் லாக். புது வெர்ஷனில், எல்லோருக்கும் வசதியாக இருக்கட்டுமென்று, லைப்ரரியைச் சேர்த்த கணமே லாக் தானாகத் திரையில் ஓடும்படி அவன் செய்திருந்தான். ஒருமுறை அப்படி அமைந்துவிட்டால், பிறகு 'இந்த ஃபைலில் எழுது' என்று நிரல் சொன்னாலும் பைத்தான் காதில் போட்டுக்கொள்ளாது. எல்லாம் யாரும் பார்க்காத திரைக்குப் போய்த் தொலைந்துவிடும்.

"எத்தனை நாளா இப்படி?"

"ஆறு வாரமா சார்." அவள் தயங்கினாள். "முதல்ல, உலை பாத்துக்கிட்ட ராசாத்தி அக்காதான் சிஸ்டத்தை ஆஃப் பண்ணிட்டாங்கன்னு நினைச்சோம். ஒருநாள் சூடு ஏறி உள்ள இருந்த உருப்படியெல்லாம் பாழாயிருச்சு. எச்சரிக்கை பட்டனை அமுக்கினேன்னு அவங்க சொன்னாங்க. அமுக்கினா ஃபைல்ல விழும், அதிலேருந்து சூப்பர்வைசருக்கு மெசேஜ் போகும். ரெண்டும் நடக்கல. பொய் சொல்றாங்கன்னு வேலையைவிட்டு நிறுத்திட்டாங்க. அவங்களுக்கு அப்புறம் வந்தவங்க நாள்லயும் ஃபைல் காலியா இருந்தப்பதான் எனக்கு உறைச்சுது."

லக்ஷ்மிகாந்துக்கு நினைவு வந்தது. இதே குறையை இரண்டு மாதத்துக்கு முன் யாரோ ஒருவர் எழுதியிருந்தார். 'என் கணினியில் சரியாக ஓடுகிறதே' என்று பதில் போட்டு, அந்தப் புகாரை முடித்துவைத்தவன் அவன்தான். அதைச் சோதித்துக்கூடப் பார்க்கவில்லை.

லாக்கைத் தானாக ஓடவைத்த வரியை அன்றே நிரலிலிருந்து எடுத்தான். லாக்கை அமைப்பதைத் தனி ஃபங்ஷனாக்கி, வேண்டுமென்கிறவர் தாமே அழைத்தால் மட்டும் இயங்கும்படி மாற்றினான். மொத்தம் இருபது நிமிஷ வேலை. அந்த இருபது நிமிஷம்தான் அவனை அறுத்தது. அப்போதே செய்திருந்தால் ஒரு பெண் பொய்க்காரி ஆகியிருக்க மாட்டாள்.

ராசாத்தி இப்போது மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்தாள். ஜோஸ்வின் சொன்ன அடையாளத்தை வைத்துச் சனிக்கிழமை அவன் அங்கே போய், தான் யார் என்பதையும் நடந்ததையும் சொன்னான். அவள் கை நிற்கவில்லை.

"அப்ப நான் பட்டனை அமுக்கினது நிஜம்தானே?"

"நிஜம்தாங்க. என் தப்பு. மன்னிச்சிருங்க."

"என்கிட்ட சொல்லி என்னங்க ஆகப்போகுது? நான்தான் அமுக்கினவளாச்சே, எனக்குத் தெரியாதா? நம்பாதவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க. நானும் வரேன்."

திங்கட்கிழமை, டீ நேரத்தில், பட்டறை ஆட்கள் எல்லோரும் இருக்கும்போது அவன் சொன்னான். ராசாத்தி வாசல் பக்கம் நின்றாள். முதலாளி பீமராவ் தலையைச் சொறிந்தார். "சாஃப்ட்வேர்னா இப்படி எதாவது தானா ஆகத்தான் செய்யும். விடுங்க தம்பி."

அந்தச் சமாதானத்துக்குள் ஒதுங்கிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கே அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

"தானா ஆகலங்க. இப்படி ஆகுதுன்னு ஒருத்தர் முன்னாடியே எழுதினார். நான்தான் கேட்கல."

சூப்பர்வைசர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். பீமராவ் ராசாத்தியைப் பார்த்து, நாளையிலிருந்து வேலைக்கு வரச் சொன்னார்.

"வேணாங்க. இனிமே இங்க என்னால சோறு திங்க முடியாது," என்றாள் அவள்.

இருவரும் ஒரே பஸ்ஸில்தான் திரும்பினார்கள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அவன் விடைபெறத் தயங்கி நின்றான். அவள் தன் போனை எடுத்தாள்.

"எங்க வீட்டுக்காரரும் அன்னிக்கு நம்பலங்க. வேலையில நான் தூங்கியிருப்பேன்னுட்டார். அவர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிருங்க."

அவளே எண்ணைப் போட்டு அவனிடம் நீட்டினாள். பஸ் ஹாரன்களுக்கு நடுவே மறுமுனையில், "என்ன ராசாத்தி?" என்றது ஒரு குரல்.

லக்ஷ்மிகாந்த் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். "ராசாத்தி இல்லைங்க. என் பேர் லக்ஷ்மிகாந்த். அன்னிக்கு அவங்க பட்டனை அமுக்கினது நிஜம். அது பதிவாகாததுக்கு நான்தான் காரணம். அதைச் சொல்லத்தான் பேசறேன்."