பேர் வெட்டிய போசி

எவர்சில்வர் போசிகள் வேனில் வந்து இறங்கிய நாளிலிருந்து என் அறையில் கால் நீட்ட இடமில்லை. மூடியும் கைப்பிடியும் வைத்த தூக்குப்போசிகள். ஒவ்வொன்றின் வயிற்றிலும் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது: ‘வெங்கடலட்சுமி மனநல மையம், அன்பளிப்பு.’ முதல்முறை வரும் நோயாளிக்கு ஆளுக்கொன்று கொடுத்தாக வேண்டும். வரதராஜுலு சாரின் உத்தரவு. வெங்கடலட்சுமி அவருடைய அம்மா.

சாருக்கு உடுமலைப்பேட்டையில் ஸ்பின்னிங் மில்லும் அணைக்குப் போகிற வழியில் தென்னந்தோப்புகளும் இருந்தன. தோப்பில் என் அப்பா கருப்புசாமி தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். பெங்களூரில் நான் மனநல சமூகப்பணி படித்தது சாருடைய அறக்கட்டளையின் உதவித்தொகையில்தான். அதற்குப் பதிலாக மூன்று வருஷம் இந்த மையத்தில் வேலை செய்ய வேண்டும். அதுவரை என் சர்டிபிகேட்டுகள் சாருடைய பீரோவில் இருக்கும். நோயாளி வராத மாதம் அந்த மூன்று வருஷத்தில் சேராது.

கையெழுத்துப் போட்டபோது அந்தக் கடைசி நிபந்தனை எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஹாஸ்டலில் நான் படித்த மொழிபெயர்ப்பு நாவல்களில் வைத்தியர்கள் பனியில் வண்டி ஓட்டிக்கொண்டு போவார்கள். எந்நேரமும் யாராவது அவர்களுடைய கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். என் கதவுக்கு ஓர் ஆடுகூட வந்து நிற்கவில்லை.

அப்புறம் வந்த ஓரிருவரில் மாசாணம் ஒருத்திதான் இரண்டாம் முறையும் வந்தாள். எங்கள் தெருவில் வாழ்க்கைப்பட்டவள். பெண்குழந்தை பிறந்ததிலிருந்து தூக்கம் இல்லை. குழந்தையைத் தூக்குவதில்லை. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கிணற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று அவள் புருஷன்தான் கூட்டிவந்தான். கோவையிலிருந்து ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை வருகிற டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான் வாரந்தோறும் அவளோடு பேசினேன். மெல்ல மெல்லப் பேச்சு வந்தது. ஒருநாள் அவளாகவே, “புள்ளைக்கு இன்னும் பேரே வெக்கலீங்க்கா” என்றாள். அன்று வீட்டுக்கு நான் கிட்டத்தட்ட ஓடினேன்.

அடுத்த வாரம் அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. மாத்திரை தீர்ந்திருக்கும். எனக்கு அந்தக் கிணறுதான் ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது.

அவள் வீட்டுக்குப் போனேன். மாமியார் பழனியாத்தாள் வாசலிலேயே மறித்துக்கொண்டு நின்றாள்.

“எம்மட மருமவளுக்குப் பைத்தியமுன்னு போசியிலயே வெட்டிக் குடுத்துப்போட்டியே கண்ணு!”

“என்னாச்சுங்க அத்தை?”

“எம்மவளப் பொண்ணு பாக்கறதுக்கு மாப்ள ஊட்டுக்காரங்க வந்தாங்க. தெரியாம மோரை அந்தப் போசியில கொண்டாந்து வெச்சுப்போட்டேன். மாப்ளையோட மாமன் கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு எழுத்தாப் படிக்கறான். ம, ன, ந, ல... மோரைக் குடிக்காமயே எந்திருச்சுப் போயிட்டாங்க.”

“மாசாணத்தை மட்டும் ஒருக்கா பாத்துட்டுப் போறனுங்க.”

“நீ பாத்த வரைக்கும் போதும், போ கண்ணு.”

உள்ளே குழந்தை அழுதது. வெகுநேரம் யாரும் அதைத் தூக்கவில்லை.

நேரே மில்லுக்குப் போனேன். சார் கேட்டுக்கொண்டார். காபிகூட வரவழைத்தார்.

“பேரை வெட்டாம எப்படிக் குடுக்கறது கண்ணு? நாளைக்கு ஆரு குடுத்ததுன்னு தெரியோணுமல்லோ?”

“தெரியறதுதானுங்க சார் பிரச்சினை.”

“நோயிங்கறது பாவமா? வெக்கப்படக் கூடாதுன்னு நீதான் எடுத்துச் சொல்லோணும். அதுக்குத்தான உன்னையப் படிக்க வெச்சது?”

“பேரு அம்மாவோடது மட்டும் இருக்கட்டுங்க சார். மனநல மையங்கறத எடுத்துருங்க.”

“அப்பறம் எங்கம்மா எதுக்குக் குடுத்தாங்கன்னு சனங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார். பிறகு மிகவும் அன்பாக, “இந்த மாசம் ஆளே வரலியாமா? மாசம் வீணாப் போச்சே கண்ணு” என்றார்.

மையத்துக்குத் திரும்பியதும் எதையாவது உடைக்க வேண்டும் போலிருந்தது. எதிரே இருந்ததெல்லாம் எவர்சில்வர்.

ஒரு போசியை எடுத்துக்கொண்டு பாத்திரக்கடை பஷீர் பாயிடம் போய் எழுத்தை அழிக்க முடியுமா என்று கேட்டேன். “வெட்டச் சொல்லித்தானுங்க எல்லாரும் வருவாங்க” என்று அவர் சிரித்தார். தேய்த்துப் பார்த்தார். எழுத்து முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது.

களைத்துப்போய் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். அப்பா தண்ணீர் கொடுத்தார். சிறுவயதிலிருந்து நான் குடிக்கிற டம்ளர். அன்றுதான் அதன் மேலிருந்ததைப் படித்தேன். ‘அழகிரிசாமி–பிரேமா திருமணம்.’

“அப்பா, இது ஆருங்கப்பா?”

“ஆருக்குத் தெரியும்? மொதலாளி சொந்தக்காரங்க ஊட்டுக் கல்யாணமா இருக்கும். ஊருக்கே குடுத்தாங்க. எல்லா ஊட்லயும் கெடக்குது.”

நான் டம்ளரைக் கீழே வைக்காமல் அப்படியே மில்லுக்குக் கிளம்பினேன். “மொதலாளிகிட்டக் குரலை ஒசத்தாத கண்ணு. சாருங்கறதையும் உட்டுப்போட்டு மொதலாளின்னே சொல்லிப்பழகு” என்று அப்பா பின்னாலிருந்து கத்தினார்.

“சார், மாரியம்மன் நோம்பிக்கு ஊட்டுக்கு ஒரு போசி குடுத்துரலாங்க.”

“நோயாளிகளுக்குன்னு வெட்டுனதாச்சே?”

“அம்மா பேரு அத்தன அடுப்படியிலயும் இருக்குமுங்க சார். சுத்துப்பட்டு ஊரு அத்தனைக்கும் குடுக்கலாம்.”

சார் நாற்காலியில் நிமிர்ந்தார். “பத்துமா? இன்னொரு லோடு சொல்லிப்போடட்டுமா?” என்றார்.

நோம்பியன்று கோயில் முன்னால் வேன் நின்றது. பூசாரி வாங்கினார். ரேஷன் கடைக்காரர் வாங்கினார். டீக்கடைக்காரர் இரண்டு வாங்கிக்கொண்டு ஒன்றில் பால் ஊற்றினார். மறுநாள் தோப்புக்கும் வயலுக்கும் மில் ஷிப்டுக்கும் போன ஒவ்வொரு கையிலும் என் மையம் தொங்கிக்கொண்டு போனது. ஒருவரும் படிக்கவில்லை.

அந்த வாரமே பழனியாத்தாள் மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

“அந்த மாமங்காரனே ஒண்ணு வாங்கிட்டுப் போயிருக்கறான் கண்ணு. இப்ப என்னத்தப் படிப்பானாம்?” என்று சொல்லிக் குழந்தையை என் மடியில் போட்டாள்.

மாசாணம் இன்னும் இளைத்திருந்தாள். சுவரோரம் கிடந்த பெஞ்சையே பார்த்தாள்.

“இதுல சித்த படுத்துக்கட்டுங்களாக்கா?”

படுத்தாள். புடவைத் தலைப்பை முகத்தில் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய மூச்சு சீராகியது. பழனியாத்தாளும் நானும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம்.

அப்போதுதான் கார் ஹாரன் கேட்டது. வாசலிலிருந்தே சார் ஆரம்பித்துவிட்டார்.

“கண்ணு! நோயாளிகள ஊட்லயே போய்க் கூட்டியாறதுக்கு ஒரு வேன் வாங்கிப்போட்டேன்! ரெண்டு பக்கமும் பெரிய எழுத்துல அம்மா பேரு, மனநல மையமுன்னு. ஒரு மைலுக்கு அந்தப் பக்கமே தெரியோணும். மேல ஒரு மைக்செட்டும்...”

நான் எழுந்து போய்க் குழந்தையை அவர் கையில் வைத்தேன்.

“சத்தம் போடாதீங்க சார். புள்ளைய வெச்சுக்கிட்டு அந்த வேப்பமரத்துக்கிட்ட நில்லுங்க. உள்ள தூங்கறாங்க.”

அவர் மரத்தடிக்குப் போனார். மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டையில் குழந்தையைச் சாய்த்துக்கொண்டு நிழலில் நின்றார். பழனியாத்தாள் பதறிப்போய் அவர் பின்னாலேயே ஓடினாள். நான் உள்ளே வந்து ஜன்னலருகே நின்றேன்.

“பொண்ணா? பேரென்ன?” என்று தணிந்த குரலில் கேட்டார்.

“இன்னும் வெக்கலீங்க மொதலாளி.”

சாரின் முகம் மலர்ந்தது. “எங்கம்மா...” என்று வாயைத் திறந்தார்.

நான் சத்தமில்லாமல் ஜன்னலைச் சாத்தினேன்.