பன்னிரண்டாவது பெயர்

வன்னியில், மக்களிடம் போய்ப் பேசுவதற்கென்று போராளிகளைப் பழக்கிய அரசியல் கல்லூரி ஒன்று இருந்தது. அதன் முதல் அணியில் படித்தவர்களில் ஜேர்மனியின் எசன் நகரில் இருந்தவள் சாரங்கா மட்டும்தான். ஆகவே அங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கல்லூரியின் வரலாற்றை அவளே எழுதினாள். கடைசிப் பக்கத்தில் அணியின் பெயர்ப்பட்டியல். பன்னிரண்டாவது பெயர் பேர்பெச்சுவா.

மலர்க்குழுத் தலைவர் சிறீதரன் அதைச் சிவப்புப் பேனாவால் வெட்டியிருந்தார்.

"ஏன் அண்ணை?"

"தெரியாத மாதிரிக் கேக்கிறியள். அவ துண்டு குடுத்திட்டுப் போனவ."

இயக்கத்தை விட்டு விலகுகிறவர் ஒரு துண்டில் எழுதிக் கொடுக்கவேண்டும். பிறகு மாதக்கணக்கில் சமையற்கூடத்தில் தண்டனை வேலை. ஒருவரும் முகங்கொடுத்துப் பேசமாட்டார்கள்.

"குடுக்க முன்னம் ஒண்டரை வருசம் எங்களோட படிச்சவ. எங்கள் எல்லாரையும்விட நல்லாப் பேசினவ."

"இதென்ன தங்கச்சி, அசூல் அன்ட்ராக்கே, ஒண்டும் விடாமல் நிரப்ப?"

எல்லாரும் ஒருகாலம் நிரப்பிய அகதி விண்ணப்பம் அது. குழுவினர் சிரித்தார்கள். தன் உதடும் விரியப் பார்த்ததை உணர்ந்ததும் சாரங்காவுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

வன்னியில் அன்றைக்கும் இப்படித்தான். தண்டனையாகச் சமையற்கூடத்தில் மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்த பேர்பெச்சுவா நிமிர்ந்து, "சாப்பிட்டியாடி?" என்று கேட்டாள். சாரங்கா காதில் விழாதவள்போல் நடந்தாள். மக்களின் மனத்தைத் திறப்பது எப்படி என்ற பாடக்குறிப்பு அப்போது அவள் கையில் இருந்தது. சுற்றிலும் யாருமில்லை. பேசியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அதுதான் இத்தனை வருடமும் அவளை உறுத்தியது.

சாரங்கா தாளை இழுத்தாள். பெயரைத் திரும்ப எழுதி, அதன் கீழே எழுதினாள்: "இவர் துண்டு கொடுத்து விலகினார். அதன்பின் இவரோடு பேசாதவர்களில் நானும் ஒருத்தி."

சிறீதரன் வாசித்தார். "இது வந்தால் சனம் உங்களைத்தான் கேக்கும்."

"கேக்கட்டும். சனத்துக்குப் பதில் சொல்லத்தானே அண்ணை எங்களைப் படிப்பிச்சது?"

"இப்பிடியெண்டால் போட ஏலாது."

"அப்ப முழுக்க விடுங்கோ. வெட்டினதைப் போட நான் விடமாட்டன்."

மலர் அவளுடைய கட்டுரை இல்லாமலே வந்தது. வெளியீட்டன்று சாரங்கா மண்டப வாசலில், குளிரில், தானே பிரதியெடுத்துத் தைத்த தாள்களோடு நின்றாள். வருகிறவர்கள் கையில் ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். சிலர் வாங்கவில்லை. ஒருவர் அவள் முன்னாலேயே கசக்கிப் போட்டார். அவள் அடுத்ததை நீட்டினாள்.

"ஏன் பிள்ளை வெளியில நிக்கிறாய்? உள்ளுக்கு வாவன்," என்றாள் வயதான ஒருத்தி.

"உள்ளுக்கு எங்களுக்கு இடமில்லையாம், அம்மா."

"எங்களுக்கெண்டால்? வேற ஆர்?"

சாரங்கா கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள்.