கல்கத்தா வழியாக ஒரு பொருத்தம்

சரோஜினிதேவி கொம்பியூட்டர் கடைக்குள் காலடி வைத்ததும், மேசைக்கு அடியில் புகுந்து வயர்களைச் சரிபார்ப்பதுபோல மாலைவரை அங்கேயே இருந்துவிடலாமா என்றுதான் அங்கே வேலை செய்யும் அன்னலட்சுமிக்குத் தோன்றியது. வருங்கால மாமியார். ஆனால் மாமியாராக வருவாரா, மாட்டாரா என்பது இன்னும் பத்து நிமிடத்தில்தான் தெரியும்.

"நீர்தானே அன்னலட்சுமி?"

"ஆமாங்க ஆன்ட்டி. உக்காருங்க."

கதிரையில் அமர்ந்து கைப்பையைத் திறந்தார். அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, எல்லாவற்றுக்கும் அடியில் மடித்த ஒரு தாள். மகன் வரதராசா பிறந்த நாளும் நேரமும் அதில் இருந்தன. சாதகம் பார்க்கும் குடும்பத்துச் சாத்திரியார் யாழ்ப்பாணத்தில் இருந்தார். ஆவணியில் சண்டையால் யாழ்ப்பாணப் பாதையை மூடிய பிறகு அவருக்கு எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை. ஆகவே குண்டசாலையில் இருந்த அவர்கள் வீட்டில் ஒரு தீர்ப்பு. பொருத்தத்தைக் கொம்பியூட்டரில் பார்ப்பது. பொருத்தங்களில் முக்கியமான ரச்சுப் பொருத்தம் இருந்தால் மறுபேச்சின்றிச் சம்மதம். இல்லாவிட்டால் மஹய்யாவப் பிள்ளையின், அதாவது அன்னலட்சுமியின், பெயரை வரதன் இனி எடுக்கக்கூடாது. அவனும் தலையாட்டிவிட்டான்.

"நீர் பாக்கிறதில எனக்கு ஒண்டுமில்லை. ஆனா நான் பக்கத்தில இருந்து பாப்பன்."

"பாருங்க, பாருங்க," என்றார் கடை முதலாளி ஷிராஸ், போட்டோக் கொப்பி இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து. "எங்கட கம்ப்யூட்டர்ல ஒளிவு மறைவு ஒண்டுமில்ல."

சென்னையிலிருந்து வந்த சாதக நிரல் விண்டோசுக்காகச் செய்யப்பட்டது. கடையின் விண்டோசைப் புரட்டாதியில் ஒரு வைரஸ் மேய்ந்துவிட்டது. பேராதனை மாணவன் ஒருவன் கொடுத்த பழைய குறுந்தட்டிலிருந்து ஷிராஸ் லினக்ஸைப் போட்டார். அதில் சாதக நிரலின் படத்தை எத்தனை தரம் சொடுக்கினாலும் அசையாது. கறுப்புத் திரையைத் திறந்து, விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் 'வைன்' என்பதன் பெயரைத் தட்டி, ஓர் இடம் விட்டு நிரலின் பெயரை எழுதினால்தான் எழுந்து வரும். வந்தாலும் சும்மா வராது. என்னைத் திருத்து, என்னைத் திருத்து என்று திரை நிறையப் புலம்பிக்கொண்டே வேலை செய்யும்.

அன்னலட்சுமிக்கு அந்தப் புலம்பல் பிடிக்கும். அதைவிடப் பிடித்தது இன்னொன்று. அந்த வரியின் தொடக்கத்தில் ஓர் ஊரின் பெயரைச் சேர்த்துவிட்டால், தான் அந்த ஊரில் இருப்பதாகவே நிரல் நம்பிவிடும்! ஆளில்லாத பிற்பகல்களில் அவள் விண்டோஸ் கடிகாரம் ஒன்றை லிஸ்பனுக்கும் மாஸ்கோவுக்கும் அனுப்பி வைப்பாள். வெளியே மழையில் கட்டுகஸ்தோட்டை பஸ் உறுமிக்கொண்டிருக்கும்.

இன்று எந்த ஊரையும் சேர்க்கவில்லை. வரியைத் தட்டினாள். நிரல் புலம்பிக்கொண்டே எழுந்தது. இரண்டு பேரின் விவரங்களையும் கொடுத்தாள்.

வரதராசா, அவிட்டம். அன்னலட்சுமி, சித்திரை. இருவருக்கும் ஒரே ரச்சு, சிரசு ரச்சு. பொருத்தம் இல்லை.

தெருவில் ஒரு முச்சக்கரவண்டி ஹோர்ன் அடித்தது. உலகம் இப்படி ஹோர்ன் அடித்துக்கொண்டு போகும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. கண்ணீர் வருமா என்று காத்திருந்தாள். வெட்கம்தான் முந்திக்கொண்டு வந்தது.

சரோஜினிதேவி கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். அவர் விரல் ரச்சுவில் நிற்கவில்லை. மேலே, முதல் வரியில் நின்றது.

"உதென்ன? சூரிய உதயம் ஆறு முப்பத்திரண்டோ?"

"ஆமாங்க ஆன்ட்டி, அன்னைக்கு யாழ்ப்பாணத்துல."

"இவன் ஆறு பதினைஞ்சுக்குப் பிறந்தவன். அப்ப விடிய முன்னம் பிறந்தவனோ? பொய்! யன்னலால வெயில் என்ர காலில விழுந்தது. மருத்துவிச்சி லாம்பை நூத்துப்போட்டுத்தான் பிள்ளையைத் தூக்கிக் காட்டினவ. பெத்தவள் நானோ, உந்தப் பெட்டியோ?"

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது ஆன்ட்டி," என்றார் ஷிராஸ். "நேரமும் சரியாத்தானே ஈக்கி. நான்தான் என்ட கையால அரை மணி பின்னுக்கு வெச்ச."

அன்னலட்சுமி கதிரையோடு சுழன்று திரும்பினாள்.

"என்னா சொன்னீங்க, ஷிராஸ் நானா?"

அந்த ஆண்டு சித்திரையில் நாடு முழுவதும் கடிகாரத்தை அரை மணி பின்னுக்கு வைத்திருந்தது. பழைய குறுந்தட்டுக்கு அது தெரியாது. ஷிராஸ் முள்ளைத்தான் திருப்பினார். காரணத்தைக் கொம்பியூட்டருக்குச் சொல்லவில்லை. அது இன்னும் கிரீனிச்சுக்கு ஆறு மணி நேரம் முந்தி ஓடும் பழைய இலங்கையிலேயே வாழ்ந்துகொண்டிருந்தது. சாதக நிரலும் அதைக் கேட்டு, வரதனை அரை மணி முன்னதாகவே பிறக்க வைத்துவிட்டது.

"இருங்க ஆன்ட்டி. அவரைக் கல்கத்தாவுக்கு அனுப்புறேன்."

"ஆரை?"

"நிரலை. அங்கயும் இங்கயும் இப்ப ஒரே நேரம். உங்க மகன் பொறந்தப்பவும் அப்படித்தான்."

வரியின் தொடக்கத்தில் கல்கத்தாவைச் சேர்த்தாள். அவசரத்தில் இரண்டு தரம் எழுத்துப் பிழைத்தது. மூன்றாம் தரம் நிரல் முன்னைவிடப் பலமாகப் புலம்பிக்கொண்டு எழுந்தது.

சூரிய உதயம், ஆறு இரண்டு.

"ம். இது சரி," என்றார் சரோஜினிதேவி, வெற்றியோடு.

பிறகுதான் கீழே படித்தார். வரதராசா, சதயம். கண்ட ரச்சு. அன்னலட்சுமி, மாற்றமில்லை. பொருத்தம் உண்டு.

வெயில் காலில் விழுந்ததென்று சொன்னவர் அவர். அதை இனி எந்த மேகத்தைக் கொண்டு மறைப்பது? இன்னொரு தரம் படித்தார். உதட்டோரம் ஏதோ துடித்தது. கோபமாக்கும் என்று அன்னலட்சுமி பயந்தாள். அது சிரிப்பு.

"எத்தினை பேருக்கு உப்பிடிப் பொருத்தம் பாத்துக் குடுத்தனியள்?"

அன்னலட்சுமி ஷிராஸைப் பார்த்தாள். ஷிராஸ் வாசலைப் பார்த்தார்.

"பதினொரு சோடி," என்றாள் அவள்.

"ஐயோ கடவுளே! எடு பிள்ளை அதுகளை. எல்லாத்தையும் கல்கத்தாவுக்கு அனுப்பு."

மரியாதைக்குச் சொன்ன 'நீர்' கழன்று, 'எடு', 'அனுப்பு' என்று ஆகிவிட்டதை அன்னலட்சுமி கவனித்தாள். மேல் அம்புக்குறியை அழுத்தினால் போதும், பழைய வரி கல்கத்தாவோடு திரும்பி வரும். முதல் சோடி, மாற்றமில்லை. இரண்டாவது, மாற்றமில்லை. நாலாவதில் பெண்ணின் நட்சத்திரம் துள்ளி மாறியது. பெண்கள் இருவரும் ஒரேநேரத்தில் கூவினார்கள். ஷிராஸ் அந்தச் சோடியின் டெலிபோன் நம்பர் தேடி ஓடினார்.

பல்லேகலயில் உள்ள வேலைத்தலத்திலிருந்து மதிய இடைவேளைக்குள் ஓடிவந்த வரதன், இரைக்க இரைக்க வாசலில் நின்றான். முகத்தில் இரத்தமே இல்லை.

"அம்மா... என்ன மாதிரி?"

சரோஜினிதேவி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பொறடா. நாங்கள் வேலையா இருக்கிறம்."