பாதி மருந்துக் கணக்கு

கணக்கில் கடைசிச் சில மாதங்களின் மருந்து அளவைப் பாதியாகக் குறைத்ததும், மடிக்கணினித் திரையிலிருந்த வளைகோடு அபிஜித்தின் ரத்தப் பரிசோதனைப் புள்ளிகள் அத்தனையையும் தொட்டுக்கொண்டு போனது. ஜிஷா இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தாள். அதே கோடுதான்.

பழுதான செல்கள் தாமாகவே செத்துப்போகும் வேகத்தைச் சமன்பாடுகளில் பிடிப்பதுதான் திருவனந்தபுரத்தில் அவள் செய்யும் ஆராய்ச்சி. அவள் கணவனுக்கு வந்த ரத்தப் புற்றில் செல்களுக்குச் சாக மறந்துபோயிருந்தது. தினமும் விழுங்கும் மாத்திரை அதை நினைவுபடுத்த வேண்டும். முதலில் புற்றுச் செல்களின் எண்ணிக்கை நன்றாகத்தான் சரிந்தது. இப்போது ஏறுகிறது. மருந்துக்கு மசியாத செல்கள் முளைத்திருக்கலாம். அல்லது இப்போது மருந்து பாதிதான் உள்ளே போகிறது. இரண்டுக்கும் கோடு ஒன்றுதான். இரண்டாவது என்றால் பிழைக்க வழி இருக்கிறது. மாத்திரை தின்றதாகக் கணவன் தன்னிடம் பொய் சொல்லியிருக்க வேண்டுமே என்று தெய்வங்களை வேண்டிக்கொண்ட மனைவி அவர்கள் ஊரான வெள்ளறடையில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அபிஜித் வீட்டுக்குப் பின்னால் ரப்பர் ஷீட்டுகளைக் கொடியில் விரித்துக்கொண்டிருந்தான்.

"சேட்டா, குளிக எல்லாம் ஒழுங்கா திங்கியளா?" என்று மாத்திரைகளைப் பற்றிக் கேட்டாள்.

"பின்னே? நீ காலத்த பஸ்ஸு ஏறினதும் மொத சோலி அதாக்கும்."

"ஒரு நாளும் விட்டதில்லியா?"

"எடீ, நீ கணக்கு படிச்சியா, போலீசுக்குப் படிச்சியா?" சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. "விட்டேன்னு சொல்லுங்க," என்றாள். "நான் ஏசமாட்டேன். விட்டேன்னு ஒரு வாக்கு சொன்னா போரும்."

அவன் கையிலிருந்த ஷீட் அப்படியே நின்றது. அவள் முகம் வாடினால் தாங்காதவன் அவன். உப்புக் கூடிப்போன மீன்கறியைக் கேட்டு வாங்கித் தின்றவன். அவள் அப்பாவோடு சீட்டாடி வேண்டுமென்றே தோற்பவன். அவள் கண்களையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"விட்டேன் மக்கா," என்றான். "தின்னா தல கறங்குது. அதாக்கும் இடைக்கு இடைக்கு விட்டேன்."

நெஞ்சிலிருந்து கல் இறங்கியது. இறங்கிய இடத்திலேயே இன்னொன்று வந்து உட்கார்ந்தது. இவன் அவள் கேட்ட பதிலையே கொடுக்கிறவன் அல்லவா?

"அப்போ, மிச்சக் குளிக எங்க?"

விட்டது நிஜமானால் தின்னாத மாத்திரைகள் எங்காவது இருக்க வேண்டும். அவன் கையை முண்டில் துடைத்துக்கொண்டு ஷீட்டுக் கொட்டகைக்குள் போனான். ஒரு தகர டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. முதல் தூறல் கொடியில் விழுந்தது. உள்ளே எடுக்க வேண்டிய ஷீட்டுகள் நனையத் தொடங்கின. ஜிஷா அசையாமல், கொட்டகை வாசலைப் பார்த்தபடி நின்றாள்.