பதினாலாவது பெயர்

தண்டவாளத் துண்டின் மேல் இரும்புக் கம்பி விழுகிறது, ஒருமுறை, இருமுறை, பிறகு நிற்காமல், இரண்டாம் பாடவேளையின் பாதியில் எதற்கு மணி என்று எல்லாத் தலைகளும் ஜன்னல் பக்கம் திரும்புகின்றன, ஆய்வுக்கு யாராவது வந்தால் மரத்தடியில் இருப்பவர்கள் வகுப்புக்குள் ஓட வேண்டும் என்பதற்கான மணி அது, வெளியே செம்மண் தூசிக்குள் ஒரு வெள்ளை ஜீப் நிற்கிறது, தூசி அடங்குமுன்பே அதிலிருந்து இறங்கிவிட்ட ஒரு மேடத்துக்கு முகம் இல்லை, சேலை மட்டும் நடந்து வருகிறது, கொஞ்சம் பொறுத்துத்தான் முகமும் வருகிறது, கண்ணாடி போட்ட, தூக்கம் போதாத முகம், பின்னால் ஒரு பெண் போலீஸ், எங்கள் வகுப்பாசிரியை விஜயகௌரி டீச்சர் சாக்பீஸைக் கீழே வைக்காமலே வாசலுக்குப் போகிறார், வந்தவர் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து வருவதாகச் சொல்லி, பத்தாம் வகுப்பு வருகைப் பதிவேடு வேண்டும், ரூபிணி என்கிற மாணவியைப் பார்க்க வேண்டும் என்கிறார், டீச்சரின் விரல்களுக்குள் சாக்பீஸ் இரண்டாக முறிகிற சத்தம் மூன்றாவது பெஞ்சில் இருக்கும் எனக்குக் கேட்கிறது, என் இடதுபக்கம் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் காலியாக இருக்கிறது, யாரும் அங்கே உட்காருவதில்லை, பையைக்கூட வைப்பதில்லை.

ரூபிணி அங்கே உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பாள், பதினெட்டு என்று யார் முடிவு பண்ணினது, ஓட்டுப் போட பதினெட்டு, வண்டி ஓட்ட பதினெட்டு, கல்யாணத்துக்கும் பதினெட்டு, பதினேழு வயசு முடிஞ்ச ராத்திரி உடம்புக்குள்ள ஏதாவது மணி அடிக்குமா என்பாள், நான் சிரிப்பேன், அறிவியல் பாடத்தில் எதிரொலி வந்த வாரம் கைவிடப்பட்ட கல்குவாரிக்கு என்னை இழுத்துப் போனாள், பள்ளத்தின் விளிம்பில் நின்று தன் பெயரையே கத்தினாள், போய்த் திரும்பி வர எத்தனை வினாடி என்று நான் எண்ண வேண்டும், முந்நூற்று நாற்பதால் பெருக்கி இரண்டால் வகுத்தால் எதிர்ப்பாறையின் தூரம், கணக்குப் போட்டுக்கொண்டே கேட்டாள், கத்தினவ சத்தம் திரும்பி வர்றதுக்குள்ள போயிட்டான்னா அது யார்கிட்டடி போய்ச் சேரும், பச்சைத் தண்ணீருக்கு மேலே அவள் பெயர் இன்னொரு முறை, யாரும் கத்தாமலே, வந்தது போல இருந்தது, வா போலாம் என்று அவள் கையைப் பிடித்தேன், அந்தக் கை சில்லென்று இருந்தது, அல்லது இப்போது நினைக்கும்போது சில்லென்று இருக்கிறது.

ஆனி மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம் புத்தகப் பையை என்னிடம் கொடுத்துவிட்டு, பத்து நாள்ல வந்துடுவேன், பேரை மட்டும் அடிச்சுடாமப் பாத்துக்கோ என்று சொல்லிவிட்டுப் போனாள், தொடர்ந்து வராதவர்களின் பெயர் மேல் சிவப்புக் கோடு விழுந்துவிடும் என்பது எங்களுக்குத் தெரியும், கோடு விழுந்த பெண்கள் எவரும் திரும்பி வந்ததில்லை, அதனால் மறுநாள் காலை டீச்சர் பதினாலாவது பெயரைப் படித்தபோது நான் சொன்னேன், உள்ளேன் அம்மா, டீச்சர் குனிந்தபடியே வந்ததற்கான சின்னக் கோட்டைப் போட்டுவிட்டார், அடுத்து என் பெயர், அதற்கும் உள்ளேன் அம்மா, வகுப்பு சிரித்தது, நடுவில் ஒரு ஞாயிறு போய், நாலாம் நாள் டீச்சர் நிமிர்ந்தார், என் பக்கத்து இடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேனா காகிதத்துக்கு மேலே நின்றது, பிறகு இறங்கிக் கோடு போட்டது.

அன்று மதியம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார், எங்க வெச்சுக் கல்யாணம் பண்ணாங்க, உனக்குத் தெரியுமா என்று கேட்டார், தெரியாது டீச்சர் என்றேன், பத்தாம் வகுப்பில் இருபதே பேர், அதற்குக் கீழே போனால் ஒன்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளியோடு இதைச் சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு இருந்தது, சேர்த்தால் பாதிப் பெண்களை வீட்டில் பஸ் ஏற விடமாட்டார்கள், அத்தனை பேரும் நின்றுவிடுவார்கள், டீச்சர் இதையெல்லாம் எனக்குச் சொன்னாரா, தனக்குச் சொல்லிக்கொண்டாரா, கடைசியில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, ஒரே குரல் ரெண்டு தடவை வந்தா ஹெச்.எம். காதுல விழும்மா, கொஞ்சம் வேற மாதிரி சொல்லு என்றார்.

வேறு மாதிரி என்றால் எனக்கு ஒரே ஒரு மாதிரிதான் தெரியும், லேசாகக் கரகரத்து, கடைசி மா என்கிற எழுத்தை மேலே தூக்கி, ரூபிணி மாதிரி, முதல் நாள் வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை, முன்பெஞ்சு சங்கவி திரும்பிப் பார்த்து உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஏய், வேணாம்டி, அவளே பேசுற மாதிரி இருக்கு என்றாள் அப்புறம், ஆனால் ஒரு வாரத்தில் பழகிவிட்டது, பழகினது அவர்களுக்குத்தான், எனக்கு அந்தக் குரல் கூப்பிடாமலே வரத் தொடங்கியது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கிறேன், அம்மா வீட்டுக்குள்ளிருந்து கூப்பிடுகிறாள், வர்றேம்மா என்கிறேன், அம்மா ஈரக்கையோடு வெளியே ஓடி வந்து என்னையும் எனக்குப் பின்னாலும் பார்க்கிறாள், யாருடி இப்பப் பேசினது என்கிறாள், நான்தான் என்கிறேன், அதுவும் கரகரப்பாகத்தான் வருகிறது.

கனவு ஒன்று அடிக்கடி வரும், விடிந்தும் விடியாத வெளிச்சம், நீலக் கதவு வைத்த சின்னக் கோயில், கன்னட எழுத்து எழுதின சுவர், மூக்கை அடைக்கிற மல்லிகை வாசனை, மருதாணி வைத்த ஒரு கை என் கையைப் பிடித்திருக்கிறது, எலும்பு நோகும்படிப் பிடித்திருக்கிறது, யாரோ என் மறுகையில் சூடான கேசரியை வைக்கிறார்கள், எல்லோரும் சாப்பிடுகிறார்கள், நானும் சாப்பிடுகிறேன், இனிப்பாக இருக்கிறது, கனவில் இனிப்பு தெரியுமா என்று எழுந்ததும் யோசிப்பேன், கனவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பல் விளக்கப் போவேன், பள்ளிக்குப் போய் உள்ளேன் அம்மா சொல்வேன், மாவைத் தூக்கிச் சொல்வேன்.

போன மாதம் எனக்கு மூன்று நாள் காய்ச்சல், நாலாம் நாள் பதிவேட்டை ஸ்டாஃப் ரூமில் வைக்கச் சொன்னார்கள், போகிற வழியில் திறந்து பார்த்தேன், என் பெயருக்கு நேரே அந்த மூன்று நாளும் கோடு இருந்தது, நான் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே உட்கார்ந்தும் இருந்திருக்கிறேன், சங்கவியைப் பிடித்துக் கேட்டேன், அவள் பென்சிலைச் சீவிக்கொண்டே, டீச்சர்தான் சொல்லச் சொன்னாங்க, நீ அவளுக்குச் சொல்றல்ல, நான் உனக்குச் சொன்னேன், அதுல என்ன என்றாள், எப்படிச் சொன்னே, சொல்லிக் காட்டு என்றேன், அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, உள்ளேன் அம்மா என்றாள், என் குரல், கொஞ்சம் மூக்கில் வருகிற, அவசரமாக முடிகிற என் குரல், என் வாய் மூடியிருந்தது, எதிரே சங்கவியின் வாயிலிருந்து நான் பேசிக்கொண்டிருந்தேன், நல்லாப் பண்றேன்ல என்று சிரித்தாள், எனக்குக் கழுத்துக்குப் பின்னால் மயிர் நின்றது, ஏனென்றால் அந்த வாரம்தான் அப்பாவின் கூட்டாளி ஒருவர் ஒரு தட்டில் பழங்களோடு வந்து, என்னைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார், அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, பொங்கலுக்குள்ள முடிச்சுடலாம்னு உங்கப்பா சொல்றாரு, பாக்கலாம் என்றாள், பொங்கலுக்குப் பிறகும் என் பெயர் படிக்கப்படும், சங்கவி சொல்வாள், கோடு விழும், என்னைத் தேட ஒருவருக்கும் ஒரு காரணமும் இருக்காது.

வந்த மேடம் இப்போது வகுப்புக்குள் நிற்கிறார், டீச்சரிடம் தணிந்த குரலில் பேசுகிறார், தணிந்த குரல்தான் எங்கள் வகுப்பில் நன்றாகக் கேட்கும், இந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுன்னு ஆகஸ்டுல ஒரு போன் வந்துச்சு டீச்சர், உங்க பள்ளிக்கூடத்துல விசாரிச்சோம், தினமும் வருதுன்னு பதிவேட்டைப் பாத்துச் சொன்னீங்க, ஃபைலை மூடிட்டோம், போன செவ்வாய்க்கிழமை காலைல ஒன்பதரைக்கு இன்னொரு போன், நான் ரூபிணி பேசுறேன், என்னைக் கூட்டிட்டுப் போங்கன்னு ஒரு குரல், அவ்வளவுதான், கட் ஆயிடுச்சு, அந்த நம்பர் அதுக்கப்புறம் அணைஞ்சே கிடக்கு, வீட்டுக்குப் போனோம், பூட்டியிருக்கு, பெங்களூருக்கு வேலைக்குப் போயிட்டாங்களாம், செவ்வாய்க்கிழமை ஒன்பதரைக்கு அவ இங்க உட்கார்ந்திருந்தான்னு இதோ கோடு இருக்கு, அப்ப போன்ல பேசினது யாரு.

செவ்வாய்க்கிழமை ஒன்பதரை, எனக்கு ஞாபகம் இருக்கிறது, அன்று நான் சொன்னபோது குரல் பாதியில் நின்றது, மறுபடி சொன்னேன், அதே நிமிடம் எங்கோ ஒரு சமையல்கட்டின் மூலையில், யாருடைய போனையோ திருடி எடுத்து, அதே கரகரப்பில் அவள் தன் பெயரைச் சொல்லியிருக்கிறாள், அவள் குரல் இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் இருந்திருக்கிறது, நம்பப்பட்டது என்னுடையதுதான், ஆகஸ்டிலும் அதுதான் நம்பப்பட்டது, அவள் வருவார்கள் வருவார்கள் என்று வாசலைப் பார்த்திருந்த அத்தனை நாளும் நான் இங்கே உட்கார்ந்து, வர வேண்டாம், அவள் இங்கேதான் இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நானே கூப்பிடறேன் என்று மேடம் பதிவேட்டைப் பிரிக்கிறார், பெயர்கள் ஒவ்வொன்றாக விழுகின்றன, உள்ளேன் அம்மா, உள்ளேன் அம்மா, கதவோரம் பெண் போலீஸ், ஹெச்.எம். வராந்தாவில் கைக்குட்டையால் கழுத்தைத் துடைக்கிறார், டீச்சர் என்னையே பார்க்கிறார், அந்தப் பார்வையில் மிரட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருக்கிறது, பஸ் ஏற முடியாமல் நின்றுபோகப் போகிற பெண்களின் எண்ணிக்கை இருக்கிறது, அதில் நானும் உண்டு, சங்கவியும் உண்டு, பன்னிரண்டு, பதிமூன்று, ரூபிணி என்கிறார் மேடம், என் தொண்டைக்குள் அது எழுந்து வருகிறது, நான் கூப்பிடவில்லை, அதுவாக வருகிறது, உள்ளேன் அம்மா, கடைசி மா மேலே போகிறது, மேடம் நிமிர்ந்து முகங்களின் மேல் தேடுகிறார், எந்தப் பொண்ணு, எழுந்து நில்லு என்கிறார், என் பக்கத்துக் காலி இடம் எழுந்து நிற்கவில்லை, முட்டி பெஞ்சில் இடிக்க நான்தான் நிற்கிறேன், நீதான் ரூபிணியா என்கிறார், பெண் போலீஸின் பூட்ஸ் ஒரு அடி முன்னால் வருகிறது, டீச்சர் கண்ணை மூடிக்கொள்கிறார், எனக்கு வாய் கசக்கிறது, பேசினால் எந்தக் குரல் வரும் என்று தெரியவில்லை, கொஞ்சம் மூக்கில், அவசரமாக, என்னுடையதே வருகிறது, இல்ல மேடம், இவ்வளவு நாளா அவளுக்கு உள்ளேன் சொன்னது நான், அவளைக் கட்டிக்கொடுத்த ஊர் எனக்குத் தெரியும், தாலி கட்டுனப்ப அவ கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னதும் நான்தான்.